முதல் சுற்றில் தோற்றவர் அதற்கு முன் வென்றது என்ன?

மெல்போர்ன் நகரில் 2019 ஜனவரியில் நடந்த ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் போட்டியில், சென்னை வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முதல் சுற்றில் அமெரிக்காவின் பிரான்சிஸ் டியாபோவிடம் 6-7, 3-6, 3-6 என்ற செட் கணக்கில் தோற்றார். மறுநாள் இதைப் படித்தவர்களில் பலர், "இதுவும் போச்சா!" என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். நம்மவர் ஒருவர் வெளிநாடு போகிறார், முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்புகிறார். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தத் தோல்விக்கு மூன்று நாட்கள் முன்னதாக வந்த இன்னொரு முடிவைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அந்த முடிவு இது: தகுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில், ஜப்பானின் யோசுகே வதனுகியை பிரஜ்னேஷ் 6-7 (5), 6-4, 6-4 என்று வென்றார். பெரிய ஸ்டேடியத்தில் நடந்த ஆட்டமல்ல. கூட்டமும் இல்லை. அப்போது பிரஜ்னேஷுக்கு வயது 29. எதிரே நின்ற வதனுகிக்கு 20. கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் எதிலும் அதுவரை பிரஜ்னேஷ் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் ஆடியதில்லை. அந்த ஒரு வெற்றிதான் அவரை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது.

டென்னிசில் இந்தியாவின் நிலை என்ன என்று உண்மையாக அறிய விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இப்படிப்பட்ட ஆட்டங்களைத்தான். இவற்றில் வெற்றி தோல்வி ஒரு வீரரின் வருமானம், தரவரிசை, அடுத்த ஆறு மாதப் பயணத் திட்டம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

128 இடங்கள், நான்கு வாசல்கள்

கிராண்ட் ஸ்லாம் போட்டி ஒன்றில் ஆண்கள் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுகிறார்கள். இந்த 128 இடங்கள் எப்படி நிரப்பப்படுகின்றன என்பதை ரயிலில் இடம் பிடிப்பதோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும்.

முதல் 104 இடங்கள் உலகத் தரவரிசைப்படி நேராகப் போகின்றன. போட்டி தொடங்குவதற்குச் சுமார் ஆறு வாரங்களுக்கு முன் இருக்கும் ரேங்க் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இவர்கள் 'கன்பர்ம்' ஆன டிக்கெட்டோடு வருகிறவர்கள். அடுத்து எட்டு இடங்கள் 'வைல்டு கார்டு'. போட்டியை நடத்துகிறவர்கள் தங்கள் விருப்பப்படி தருவது, கோட்டா மாதிரி. மீதி 16 இடங்களுக்குத்தான் தகுதிச் சுற்று. அதில் 128 பேர் மோதுகிறார்கள். மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றால் உள்ளே வரலாம். எட்டில் ஒருவருக்குத்தான் இடம்.

நான்காவது வாசல் ஒன்றும் உண்டு. முதன்மைச் சுற்றில் இடம் கிடைத்த ஒருவர் காயத்தால் கடைசி நேரத்தில் விலகினால், தகுதிச் சுற்றில் தோற்றவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் கொடுப்பார்கள். அவருக்கு 'லக்கி லூசர்', அதாவது தோற்றும் அதிர்ஷ்டம் வாய்த்தவர் என்று பெயர். சார்ட் போட்ட பிறகு ஒரு பெர்த் காலியாகி, வெயிட்டிங் லிஸ்டில் இருந்தவருக்குக் கிடைப்பது போல. ஆனால் ஒரு நிபந்தனை: கூப்பிடும் நேரத்தில் ஆள் நேரில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். பிளாட்பாரத்தில் நிற்காதவருக்கு பெர்த் இல்லை.

செட் கணக்கு சொல்வது

வதனுகியுடன் நடந்த ஆட்டத்தின் கணக்கை மறுபடி பார்க்கலாம். முதல் செட் டைபிரேக்கரில் 5-7 என்று போயிற்று. இன்னும் ஒரு செட் போனால் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியதுதான். அந்த நிலையில் அடுத்த இரண்டு செட்களும் 6-4, 6-4. மொத்தம் நடந்தவை 33 கேம்கள். அதில் பிரஜ்னேஷ் வென்றவை 18, வதனுகி வென்றவை 15. மூன்றே கேம் வித்தியாசம். எதிராளியின் சர்வீசை ஒரு செட்டில் ஒரு தடவை கூடுதலாக உடைத்ததுதான் இந்த வெற்றியின் மொத்த உயரம்.

இந்த அளவு மெல்லிய வித்தியாசத்துக்கு என்ன விலை? 2019-ல் ஆஸ்திரேலிய ஓபன் முதன்மைச் சுற்றில் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 75,000 ஆஸ்திரேலிய டாலர் பரிசு. அன்றைய மதிப்பில் சுமார் 38 லட்சம் ரூபாய்.

பிந்திய கணக்கு ஒன்றையும் பார்ப்போம். 2024-ல் அதே போட்டியில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 31,250 டாலர். இரண்டாவதில் தோற்றவருக்கு 44,100. மூன்றாவதில் தோற்றவருக்கு 65,000. மூன்றாவதையும் வென்று உள்ளே போய் உடனே தோற்றவருக்கு 1,20,000. ஆக, முதல் இரண்டு படிகளில் ஏறுவதற்கு 12,850, 20,900 என்று கூடுகிற தொகை, மூன்றாவது படியில் ஒரேயடியாக 55,000 டாலர் கூடுகிறது. இந்தியப் பணத்தில் சுமார் 30 லட்சம். 'முதல் சுற்றிலேயே தோற்றார்' என்று நாம் எளிதாகச் சொல்கிற அந்தத் தோல்விக்குப் பின்னால் இந்தப் படி இருக்கிறது.

பணத்தைவிடப் பெரியது தரவரிசைப் புள்ளி. 2019-ல் தகுதிச் சுற்றைத் தாண்டியவருக்கு 25 புள்ளிகள். முதன்மைச் சுற்றில் ஆடியதற்கு மேலும் 10. முதல் பத்து இடங்களில் உள்ளவருக்கு இது சில்லறை. 100, 120 என்ற ரேங்க்கில் நிற்பவருக்கு இதுவே அடுத்த போட்டியின் டிக்கெட். பிரஜ்னேஷ் அடுத்த மாதமே, 2019 பிப்ரவரியில், முதல் நூறு பேருக்குள் வந்தார். மார்ச்சில் அமெரிக்காவில் இண்டியன் வெல்ஸ் போட்டியில் மறுபடி தகுதிச் சுற்று ஆடி உள்ளே போய், பிரான்சின் பெனுவா பேர், ஜார்ஜியாவின் பாசிலாஷ்விலி ஆகியோரை வென்றார். ஏப்ரலில் 75-வது இடம். அந்த ஆண்டில் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் ஆகிய மூன்றிலும் முதன்மைச் சுற்றில் ஆடினார். மெல்போர்னில் மூன்று கேம் வித்தியாசத்தில் திறந்த வாசல் அது.

அவரை வென்ற டியாபோவும் சாதாரணமானவரல்ல. அதே போட்டியில் ஐந்தாம் நிலை வீரர் கெவின் ஆண்டர்சனைத் தோற்கடித்து, டிமிட்ரோவையும் வென்று, கால் இறுதி வரை போய் நடாலிடம்தான் தோற்றார்.

பாரீசில் இல்லாமல் போனவர்

தகுதிச் சுற்றின் முடிவு ஒரு மனிதனை எப்படி அலைக்கழிக்கும் என்பதற்கு அதற்கு முந்தைய ஆண்டே ஒரு பாடம் நடந்தது. அதிலும் இதே பிரஜ்னேஷ்தான்.

2018 மே மாதம் பாரீசில் பிரெஞ்சு ஓபன் தகுதிச் சுற்றில் அவர் தோற்றார். தோற்றவர் அங்கேயே உட்கார்ந்திருந்தால் ஹோட்டல் செலவு. இடம் காலியாகுமா என்பதும் நிச்சயமில்லை. அடுத்த வாரம் இத்தாலியில் விசென்சா என்ற ஊரில் ஒரு சேலஞ்சர் போட்டி. சேலஞ்சர் என்பது பெரும் போட்டிகளுக்கு அடுத்த தரம். நூறுக்கு வெளியே இருப்பவர்களின் பிழைப்பு அங்கேதான். பிரஜ்னேஷ் அதில் பெயர் கொடுத்துவிட்டார். நூற்றில் தொண்ணூறு பேர் அப்படித்தான் செய்வார்கள்.

அந்த ஆண்டு பாரீசில் நடந்ததோ வேறு. ஆஸ்திரேலியாவின் நிக் கிர்யோஸ் உள்பட வீரர்கள் வரிசையாக விலகினார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அடிபட்டவர்கள் முதல் சுற்றுப் பரிசுக்காகவே நொண்டிக்கொண்டு களத்தில் இறங்கும் வழக்கத்தை நிறுத்த, 2018-ல் புது விதி வந்தது. கடைசி நேரத்தில் விலகுபவர் முதல் சுற்றுப் பரிசில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். மறுபாதி அவருக்குப் பதில் ஆடுபவருக்கு. இதனால் காலி இடங்கள் கூடின. வெயிட்டிங் லிஸ்ட் வேகமாக நகர்ந்தது. பிரஜ்னேஷின் முறையும் வந்தது. ஆனால் அவர் விசென்சா பட்டியலில் இருந்தார். வாய்ப்பு தாண்டிப் போயிற்று.

அது போய்ச் சேர்ந்த இடம் உலகம் முழுவதும் செய்தியானது. அர்ஜென்டினாவின் மார்கோ த்ருங்கெலிட்டி தகுதிச் சுற்றில் தோற்று, ஸ்பெயினில் பார்சிலோனாவுக்குத் திரும்பிவிட்டிருந்தார். செய்தி தெரிந்ததும் தாயாரையும் தம்பியையும் 88 வயதுப் பாட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு சுமார் 1,000 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார். பெங்களூரிலிருந்து மும்பைக்குப் போகிற தூரம். நள்ளிரவை ஒட்டிப் பாரீஸ் சேர்ந்து, காலையில் கையெழுத்துப் போட்டு, பெர்னார்ட் டாமிக்கை நான்கு செட்களில் வென்றார். இரண்டாவது சுற்றை எட்டியவருக்கு அந்த ஆண்டு பரிசு 79,000 யூரோ.

த்ருங்கெலிட்டியின் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். அதே சமயம் பிரஜ்னேஷ் தவறு செய்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வருமா வராதா என்று தெரியாத பெர்த்துக்காக, கையில் இருக்கும் வேலையை விடலாமா? மாதச் சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் புரிகிற தர்மசங்கடம் இது.

2020 ஜனவரியில் சக்கரம் சுழன்றது. ஆஸ்திரேலிய ஓபன் தகுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் லாட்வியாவின் எர்னெஸ்ட்ஸ் குல்பிசிடம் பிரஜ்னேஷ் தோற்றார். இம்முறை இருந்த இடத்திலேயே இருந்தார். லக்கி லூசராக உள்ளே அழைக்கப்பட்டார். எதிராளி ஜப்பானின் தட்சுமா இதோ. வென்றால் அடுத்த ஆட்டம் ஜோகோவிச்சோடு! ஆனால் 4-6, 2-6, 5-7 என்று ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. வாசல் திறப்பது வேறு, உள்ளே போய் உட்காருவது வேறு என்பதையும் அந்தத் தோல்வி காட்டிற்று.

கையெழுத்துக் கேட்காத வாசல்

தகுதிச் சுற்றுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வைல்டு கார்டுக்கு யாராவது மனம் வைக்க வேண்டும். தகுதிச் சுற்றுக்கு யார் தயவும் வேண்டாம். ரேங்க் இருந்தால் போதும். மூன்று பேரை வென்றால் போதும்.

இதற்கு சுமித் நாகல் நல்ல உதாரணம். 2023 செப்டம்பரில் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோ மட்டுமே இருக்கிறது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அன்றைய மதிப்பில் சுமார் 80,000 ரூபாய். ஆண்டுக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி வரை செலவாகிறது என்றும் சொன்னார். டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் கலந்துகொள்ளாதது பற்றிய பிணக்கில், 2024 ஆஸ்திரேலிய ஓபனின் ஆசிய வைல்டு கார்டுக்கான போட்டிக்கு அகில இந்திய டென்னிஸ் சங்கம் அவர் பெயரை அனுப்பவில்லை. சங்கத்தின் பக்கம் நியாயமா, வீரரின் பக்கம் நியாயமா என்பது தனி விவாதம். நாகல் தகுதிச் சுற்றுக்குப் போனார். மூன்றாவது ஆட்டத்தில் ஸ்லோவாகியாவின் அலெக்ஸ் மோல்சனை 6-4, 6-4 என்று வென்றார்.

முதன்மைச் சுற்றில் 31-ம் நிலை வீரரான கஜகஸ்தானின் புப்ளிக்கை 6-4, 6-2, 7-6 என்று நேர் செட்களில் வீழ்த்தினார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் நிலை பெற்ற வீரர் ஒருவரை இந்தியர் வெல்வது 35 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல் தடவை. அதற்கு முன் 1989-ல் இதே ஆஸ்திரேலிய ஓபனில் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன், அப்போது உலக முதல் நிலை வீரராக இருந்த விலாண்டரை வென்றார். மோல்சனை வென்ற ஆட்டம் இல்லாவிட்டால் புப்ளிக்கை வென்ற ஆட்டமும் இல்லை. அடுத்த மாதம் சென்னையில் சேலஞ்சர் பட்டத்தை வென்று நாகல் முதல் நூறுக்குள் நுழைந்தார்.

மறுபக்கமும் உண்டு. சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2017-ல் துருக்கியில் அப்போது உலக எட்டாம் நிலையில் இருந்த டொமினிக் தீமை 6-3, 6-2 என்று வென்றவர். 2018-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனவர். அப்படிப்பட்டவருக்கு, ஆண்டுக்கு ஆண்டு தகுதிச் சுற்று ஆடியும், 2024 முடியும் வரை கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் முதன்மைச் சுற்று கிட்டவில்லை. 2018 ஆஸ்திரேலிய ஓபனில் மூன்றாவது ஆட்டத்தில் கனடாவின் போஸ்பிசிலிடம் 4-6, 6-4, 4-6 என்று தோற்றார். அந்த 4-6 எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் அவர் கதையும் வேறாக இருந்திருக்கலாம். திறமையில் பாதாளத்துக்கும் ஆகாயத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த இருவருக்கும் இடையே இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

முன்னோர்கள் விம்பிள்டன் அரை இறுதிவரை போனார்களே, இப்போது தகுதிச் சுற்றுக்கே இத்தனை பாடா என்று கேட்பவர்கள் உண்டு. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அரை இறுதியில் ஆடினார். அது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விம்பிள்டன் கதவு திறக்கப்படாத காலம். கம்ப்யூட்டர் தரவரிசை வந்ததே 1973 ஆகஸ்டில்தான். இன்று உலகெங்கும் ஆண்டு முழுவதும் நடக்கும் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டி வரிசை போடுகிறார்கள். இரண்டு காலங்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

ஆக, 104 என்ற கோட்டுக்கு அருகில் நம்மவர்கள் அதிகம் பேர் நிற்பதற்கு வழி என்ன என்பதுதான் கேள்வி. பிரஜ்னேஷின் 2018 நவம்பர் மாதம் பதில் சொல்கிறது. அந்த மாதம் பெங்களூர் கப்பன் பார்க்கில் கர்நாடக மாநில லான் டென்னிஸ் சங்கத்தின் மைதானத்தில் நடந்த சேலஞ்சர் போட்டியில், இறுதி ஆட்டத்தில் சாகேத் மைனேனியை 6-2, 6-2 என்று வென்று பட்டம் பெற்றார். அடுத்து புனே சேலஞ்சரிலும் இறுதி ஆட்டத்துக்குப் போனார். விமானச் செலவும் விசா அலைச்சலும் இல்லாமல் உள்நாட்டில் சேர்த்த புள்ளிகள், இரண்டே மாதத்தில் மெல்போர்னில் அவருக்குக் கைகொடுத்தன. நாகலும் 2017-ல் இதே பெங்களூரில் பட்டம் வென்றவர்தான்.

இதற்கு மேல்படியில் சென்னையில் 1997 முதல் 2017 வரை நடந்த ஏடிபி போட்டி புனேக்குப் போய், 2023 ஜனவரியோடு அங்கேயும் நின்றது. 2024, 2025 ஆண்டுகளில் ஆண்களுக்கான அந்தத் தரப் போட்டி இந்தியாவில் நடக்கவில்லை. பெரிய போட்டி போன பிறகு சேலஞ்சர் போட்டிகளையாவது கூட்டுவது சங்கங்களின் கடமை.

ஆண்கள் தொழில்முறைச் சங்கமான ஏடிபியும் 2024-ல் மூன்று ஆண்டுச் சோதனையாக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2024-ல் ரேங்க்கில் முதல் நூறு பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலர், 101 முதல் 175 வரை ஒன்றரை லட்சம், 176 முதல் 250 வரை 75,000 என்று குறைந்தபட்ச வருமானம் உறுதி செய்யப்பட்டது. பரிசுப் பணம் அதற்குக் குறைந்தால் மீதியைச் சங்கம் தரும். நல்ல ஏற்பாடு. ஆனால் 75,000 டாலர் என்பது அன்றைய மதிப்பில் சுமார் 62 லட்சம் ரூபாய். நாகல் சொன்ன செலவு 80 லட்சத்துக்குமேல். கடைசிப் படியில் நின்றவருக்கு அந்த ஆண்டு பற்றாக்குறைதான். 250-க்கு வெளியே இருந்தவருக்கு இதுவும் இல்லை.

நமது ஊரில் பிள்ளைகளை அதிகாலையில் டென்னிஸ் பயிற்சிக்கு அழைத்துப் போகும் பெற்றோர் பலர். கோப்பையோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு இறங்குவதைவிட, இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. முழங்கால் காயத்தால் பல ஆண்டுகள் இழந்த ஒருவர் 29 வயதில்தான் முதல் தடவையாக உள்ளே நுழைந்தார் என்பதும் அந்தக் கணக்கில் சேரும். பிரஜ்னேஷ் 2024 நவம்பரில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவர் கிராண்ட் ஸ்லாம் முதன்மைச் சுற்றில் ஒரு ஆட்டமும் வென்றதில்லை. அந்த இடத்தில் ஐந்து தடவை நின்றார்.

இனி ஜனவரி வந்தால், ஆஸ்திரேலிய ஓபன் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் விளையாட்டுப் பக்கத்தின் மூலையைப் பாருங்கள். தகுதிச் சுற்று முடிவுகள் சிறிய எழுத்தில் வந்திருக்கும். அதில் இந்தியப் பெயர் ஒன்று மூன்றாவது ஆட்டம் வரை வந்திருந்தால், அந்த வீரர் அந்த ஆண்டு ஆடப்போகிற பெரிய ஆட்டம் அதுவாகவே இருக்கக்கூடும்.